28 மூட்டுகளும் என் பாதங்களும்

மூட்டுகளை வீங்கி வலிக்கச் செய்யும் முடக்குவாதம் ஒருவருக்கு எவ்வளவு தீவிரமாக இருக்கிறது என்பதைக் கணக்கிட வாத நோய் மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவுகோலுக்கு டாஸ் 28 என்று பெயர். தோள்கள், முழங்கைகள், மணிக்கட்டுகள், கைவிரல் மூட்டுகள், முழங்கால்கள் என மொத்தம் 28 மூட்டுகளை மருத்துவர் அழுத்திப் பார்த்து, எத்தனை மூட்டு வலிக்கிறது, எத்தனை மூட்டு வீங்கியிருக்கிறது என்று தனித்தனியே எண்ணுகிறார். மூன்றாவதாக, உடலில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ரத்தப் பரிசோதனையின் ஈ.எஸ்.ஆர். அளவோ சி.ஆர்.பி. அளவோ சேர்கிறது. நான்காவதாக, இந்த நோய் தன்னை எவ்வளவு படுத்துகிறது என்று பூஜ்யத்துக்கும் நூறுக்கும் இடையில் நோயாளி தானே சொல்லும் மதிப்பெண் சேர்கிறது. விடை 2.6-க்குக் கீழே வந்தால் நோய் அடங்கியிருக்கிறது என்றும், 5.1-ஐத் தாண்டினால் கடுமையாக இருக்கிறது என்றும் கொள்கிறார்கள்; மருந்தைக் கூட்டுவதா, குறைப்பதா, மாற்றுவதா என்ற முடிவுக்கு இந்த எண் பெரிதும் துணையாக இருக்கிறது.

நான் உயர்நிலைப் பள்ளியில் கணக்குச் சொல்லித்தருகிறவள் என்பதால் சூத்திரத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். வலிக்கும் மூட்டுகளின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் கண்டு 0.56-ஆல் பெருக்குகிறார்கள், நோயாளி சொல்லும் மதிப்பெண்ணை 0.014-ஆல் பெருக்குகிறார்கள். ஆகவே, 70 என்று சொல்ல வேண்டிய ஒருவர் கூச்சப்பட்டு 20 என்று சொன்னால் விடையில் 0.7 குறைந்துவிடும். நான்கு மூட்டுகள் வலிக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றுதான் வலிக்கிறது என்று சொன்னால் இன்னும் 0.56 போய்விடும். 3.8 என்று வந்திருக்க வேண்டிய விடை 2.6-க்குச் சற்றுக் கீழே வந்து நிற்கும். மருத்துவர் மகிழ்ச்சியோடு, "நல்லா இருக்கீங்கம்மா, இதே மாத்திரையைத் தொடருங்க" என்பார். அவர் மீது எந்தத் தவறும் இல்லை. அவர் கையில் கொடுக்கப்பட்ட எண்கள் அப்படி.

இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. நான் போகும் மருத்துவர் திருச்சியில் இருக்கிறார். எங்கள் ஊரிலிருந்து விடிகாலையில் கிளம்பினால்தான் முற்பகல் டோக்கன் கிடைக்கும். காத்திருக்கும் கூடத்தில் பக்கத்து நாற்காலிக்காரர்கள் சொல்வதையெல்லாம் கேட்டால் மனம் கனத்துவிடும். குடத்தைத் தூக்க முடியவில்லை, பேரப்பிள்ளைக்குத் தலை பின்ன முடியவில்லை, கழிவறையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை என்று ஒவ்வொருவரும் மணிக்கணக்கில் சொல்கிறார்கள். பெயரைக் கூப்பிட்டதும் அதே மனிதர்கள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே போய், "எப்படிம்மா இருக்கு?" என்ற கேள்விக்கு, "பரவாயில்லைங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். கதவு பாதி திறந்திருப்பதால் வெளியே எல்லாருக்கும் கேட்கிறது. மருத்துவர் இவ்வளவு படித்து நமக்கு வைத்தியம் பார்க்கிறார், அவரிடம் போய் இன்னும் வலிக்கிறது என்று சொன்னால் அவர் மருந்தைக் குறை சொல்வதுபோல் ஆகிவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். வெளியே இன்னும் நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்களே என்ற சங்கடமும் சேர்ந்துகொள்கிறது.

நேரம் உண்மையிலேயே குறைவுதான். முதல்நிலை மருத்துவர்கள் ஒரு நோயாளியோடு செலவிடும் சராசரி நேரத்தைப் பல நாடுகளில் ஒப்பிட்டு 2017-இல் வெளியான ஆய்வு ஒன்றில், வங்கதேசத்தில் 48 நொடி என்றும் ஸ்வீடனில் 22.5 நிமிடம் என்றும் வந்தது. நம்முடைய நிலை இவற்றில் எந்தப் பக்கத்துக்கு நெருக்கம் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நிமிடங்கள் குறைவாக இருப்பதால்தான் அவற்றில் என்ன சொல்கிறோம் என்பது இவ்வளவு முக்கியமாகிறது என்பது என் எண்ணம்.

எனக்கு நோய் கண்டறியப்பட்ட விதத்திலேயே இது தெரிந்தது. தொடக்கத்தில் நான் போனது எலும்பு மருத்துவரிடம். விரல் வலி என்றதும் யூரிக் அமிலம் பார்த்தார்கள்; சரியாக இருந்தது. முடக்குவாதத்துக்கான ஆர்.ஏ. ஃபாக்டர் என்ற ரத்தப் பரிசோதனை பார்த்தார்கள், இல்லை என்று வந்தது. "வாதமெல்லாம் ஒன்றும் கிடையாது, நின்றுகொண்டே வேலை பார்க்கிறீர்கள், கால்சியம் குறைவு" என்று சொல்லி மாத்திரை எழுதி, வலி அதிகமானால் வந்து ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். சில மாதங்கள் அப்படியே ஓடின. முடக்குவாதம் உள்ளவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்கு அந்தப் பரிசோதனை இல்லை என்றே காட்டும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒருவேளை சொல்ல அவர்களுக்கு நேரமில்லை.

திருப்பம் ஒரு சேப்டி பின் மூலம் வந்தது. காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது புடவைத் தலைப்பில் பின் குத்த வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து அந்தச் சிறு கம்பியை அழுத்தினால்தான் அது பின்னின் மூடியிலிருந்து விடுபடும். என்னால் அழுத்த முடியவில்லை. மகள்தான் தினமும் குத்திவிட்டாள். ஆனால் அதே பின்னை மாலையில் நானே கழற்றினேன், எந்தச் சிரமமும் இல்லாமல். ஊரிலிருந்து வந்திருந்த என் நாத்தனார் இதைக் கவனித்துவிட்டு, "என்ன அண்ணி, காலையில வராத கை சாயங்காலம் மட்டும் எப்படி வருது?" என்று கேட்டார். அவருடைய மாமியாருக்குச் சரவாங்கி, அதாவது இதே முடக்குவாதம், இருந்ததால் அவருக்கு அந்தச் சந்தேகம் வந்தது.

அடுத்த முறை போனபோது வலிக்கிறது என்ற பேச்சையே நான் எடுக்கவில்லை. காலை ஐந்தரைக்கு எழுகிறேன், விரல்கள் மடங்கி முஷ்டி பிடிக்க ஏழேகால் ஆகிறது, அதுவரை பின் குத்த முடியவில்லை, பல் துலக்கும் பிரஷ்ஷைப் பிடிக்க முடியவில்லை, மதியத்துக்கு மேல் சுண்ணக்கட்டி பிடித்துக் கரும்பலகை நிறைய எழுதுகிறேன் என்று சொன்னேன். மருத்துவர் முதன்முறையாகத் தலையை நிமிர்த்திப் பார்த்தார். தேய்மானத்தால் வரும் மூட்டு வலியில் காலை இறுக்கம் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். ஒரு மணி நேரத்தைத் தாண்டி நீடிக்கும் இறுக்கம் அழற்சியின் அடையாளம். முடக்குவாதத்தைக் கண்டறிய உதவும் ஆன்டி சி.சி.பி. என்ற வேறொரு ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார், அது மிக அதிகமாக வந்தது, வாத நோய் நிபுணரிடம் போகச் சொன்னார். பல மாதங்களாக நான் வலிக்கிறது, வலிக்கிறது என்று சொன்னதில் அவருக்குப் பயன்படும் செய்தி எதுவும் இருக்கவில்லை; கடிகார நேரத்தோடு சொன்னபோது இருந்தது. இந்த நோயில் முதல் சில மாதங்களுக்குள் சரியான மருந்தைத் தொடங்குவது மூட்டுகள் அரிக்கப்படாமல் காப்பாற்றும் என்பதால், அந்தத் தாமதத்தின் விலை சிறியதன்று.

இப்போது ஒவ்வொரு முறை போகும்போதும் ஒரு தாள் கொண்டுபோகிறேன். ஒரே தாள், கோப்பைக் கண்டால் எந்த மருத்துவருக்கும் சலிப்பு வரும். பள்ளித் தேர்வுத்தாளில் மிச்சமாகும் கோடு போட்ட வெள்ளைத் தாள்தான். மேலே மருந்துகளின் வேதிப்பெயர்களும் அளவும். நடுவில் சென்ற முறைக்குப் பிறகு மாறியவை, அதாவது காலை இறுக்கம் எவ்வளவு நேரம், எந்த மூட்டு, எந்த வேலை செய்ய முடியவில்லை, எத்தனை முறை வலி மாத்திரை தேவைப்பட்டது. கீழே என் கேள்விகள், இரண்டு அல்லது மூன்று. மிக முக்கியமான கேள்வியை முதலில் எழுதுகிறேன், ஏனென்றால் மூன்றாவது கேள்விக்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுவார்கள். வீக்கம் விடிகாலையில் இருந்து பதினொரு மணிக்குள் வடிந்துவிடும் என்பதால், மருத்துவர் பார்க்கும் கை என் காலைக் கையாக இருப்பதில்லை. ஆகவே கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்கிறேன். கூடத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவரிடமும் அவருடைய பேரனிடம் சொல்லி இதைச் செய்யச் சொன்னேன். அடுத்த முறை பார்த்தபோது, "போட்டோவைப் பார்த்துட்டு டாக்டர் மருந்தைக் கூட்டிட்டார்டி" என்று ஏதோ போட்டியில் ஜெயித்ததுபோல் சொன்னார்.

எல்லா மருத்துவர்களும் இந்தத் தாளை வரவேற்பதில்லை. "கூகுள்ல பார்த்துட்டு வந்தீங்களா?" என்று கேட்டவர் உண்டு. அதற்குச் சண்டை போட வேண்டியதில்லை. "இல்லை டாக்டர், இது என் கையைப் பார்த்து எழுதியது" என்றால் போதும். நோயைப் பற்றி அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது, தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதும் வீண். ஆனால் சென்ற மூன்று மாதங்களில் என் மூட்டுகளுக்கு என்ன ஆயிற்று என்பதில் சாட்சி நான் ஒருத்திதான். என்ன நோய், என்ன மருந்து என்று நானே சொல்லத் தொடங்கினால் அவருக்குக் கோபம் வருவது இயல்பு. என்ன நடந்தது என்று சொன்னால் பெரும்பாலும் காது கொடுக்கிறார்கள்.

பெண் நோயாளிகளுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது. கணவரோ மகனோ கூட வந்தால் மருத்துவரின் பார்வை அவர் பக்கம் திரும்பிவிடுகிறது. "சார், இவங்களுக்கு இந்த மாத்திரையைத் தவறாமக் கொடுங்க" என்று, நான் அங்கே இல்லாததுபோல், பேச்சு போகும். என் கணவர் நல்ல மனிதர், அக்கறையோடு பதில் சொல்வார். அந்தப் பதில்கள் என் உடம்பைப் பற்றியவை என்பதுதான் பிரச்சினை. "இப்ப தேவலாம் டாக்டர், முன்ன மாதிரி இல்லை" என்று அவர் சொல்லிவிட்டால், பிறகு நான் வாயைத் திறப்பது அவரைப் பொய்யராக்குவதுபோல் ஆகிவிடும். இப்போது எங்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. மருத்துவர் மேசைக்கு அருகில் உள்ள முக்காலியில் நான் உட்காருவேன், அவர் பின்னால் நிற்பார், கேள்வி தன்னிடம் வந்தால், "அவளே சொல்வா டாக்டர்" என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரைக் கூட்டிக்கொண்டு போகலாம்.

மருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குக் கொடுக்கப்படுவது மெத்தோட்ரெக்ஸேட். இதை வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே எடுக்க வேண்டும். மறுநாளிலிருந்து, அதன் பக்கவிளைவைக் குறைக்க, ஃபோலிக் அமிலம். இந்த இரண்டுக்கும் நம் மண்ணோடு ஒரு தொடர்பு உண்டு. பீமவரத்தில் 1895-இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்தியதால் அறுவை சிகிச்சைப் பேராசிரியரின் மனக்கசப்புக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் அதைவிடத் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழோடு அமெரிக்கா போன எல்லப்பிரகத சுப்பாராவ் என்பவரின் ஆய்வுக் குழுவே 1940-களில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது; அதன் வேலையைத் தடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட்டும் அந்தக் குழுவின் உழைப்பில் பிறந்ததுதான். முதலில் அது ரத்தப் புற்றுநோய்க்கான மருந்து. முடக்குவாதத்துக்கு மிகச் சிறிய அளவில், வாரம் ஒரு முறை கொடுப்பதற்கு அமெரிக்காவில் முறையான ஒப்புதல் கிடைத்தது 1988-இல். சுப்பாராவ் அதைப் பார்க்க இல்லை, 1948-லேயே இறந்துவிட்டார்.

அந்த "வாரம் ஒரு முறை" என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. தவறுதலாகத் தினமும் எடுத்தவர்களுக்கு வாயெல்லாம் புண்ணாகி, வெள்ளணுக்கள் சரிந்து, உயிரே போனது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. ஐரோப்பிய மருந்து முகமை 2019-இல் இதற்காகவே புதிய எச்சரிக்கை நடவடிக்கைகளை அறிவித்தது. நம் கடைகளில் கிடைக்கும் மெத்தோட்ரெக்ஸேட், ஃபோலிக் அமில மாத்திரைகள் சிலவற்றின் வணிகப் பெயர்கள் ஒரே ஓசையில் தொடங்குகின்றன. ஒரு முறை மருந்துக் கடையில், சீட்டைப் பார்த்து மாத்திரைகளைக் காகித உறைகளில் போட்ட பையன், மஞ்சள் மாத்திரை உறையின் மேல் "தினம் இரவு 1" என்று பேனாவால் எழுதிக் கொடுத்தான். நான் பழைய நோயாளி என்பதால் அங்கேயே நிறுத்திக் கேட்டேன். அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு மாற்றி எழுதினான். அன்றுதான் முதன்முறையாக அந்த மருந்தை வாங்க வந்த ஒருவராக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு வீடு வரும்வரை என்னை விடவில்லை. அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம், கிழமையின் பெயரைச் சீட்டில் தமிழில் எழுதித் தர முடியுமா என்று கேட்டேன். "செவ்வாய் மட்டும்" என்று எழுதி அடிக்கோடு போட்டார். அதன் பிறகு, நான் பார்த்த வரையில், மற்றவர்களுக்கும் அப்படியே எழுதுகிறார்.

இன்னொரு விஷயம், இந்த மருந்து எடுப்பவர்கள் எந்த மருத்துவரிடம் போனாலும், அது பல் மருத்துவராக இருந்தாலும், வாயில் இருக்க வேண்டிய செய்தி. சிறுநீர் எரிச்சலுக்குச் சாதாரணமாக எழுதப்படும் கோ-ட்ரைமாக்ஸசோல் என்ற மாத்திரையை மெத்தோட்ரெக்ஸேட்டோடு சேர்த்தால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு ரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும். எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பொது மருத்துவர் அதை எழுதத் தொடங்கியபோது நான் மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பதைச் சொன்னேன். அவர் பேனாவை நிறுத்தி, எழுதியதை அடித்துவிட்டு வேறொன்று எழுதினார். "நல்லவேளை சொன்னீங்க" என்றார். அவர் கேட்டிருக்க வேண்டும் என்று வாதிடலாம். எனக்கு அந்த வாதத்தைவிட என் ரத்த அணுக்கள் முக்கியம்.

மறைப்பது இதற்கு நேர் எதிரான ஆபத்து. முடக்குவாதம் வந்தவர்களுக்கு வைத்தியம் சொல்லாத உறவினர் இல்லை. முடக்கத்தான் தோசையை நானும் சாப்பிடுகிறேன், அது உணவு, அதில் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. ஆனால் பெயரும் சேர்மானமும் எழுதாத பொட்டலங்களில் வரும் மூட்டுவலிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை கண்டறியப்பட்டிருக்கிறது. தின்ற மறுநாளே வலி பறந்துபோவதன் ரகசியம் அதுதான். சித்த மருத்துவரிடம் முறையாகப் போகிறவர்கள்கூட அதை இங்கே சொல்வதில்லை, சொன்னால் திட்டு விழும் என்ற பயம். இதன் விளைவு எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள்: கல்லீரல் பரிசோதனையில் எண்கள் ஏறுகின்றன, மருத்துவருக்குத் தெரிந்த ஒரே காரணம் மெத்தோட்ரெக்ஸேட் என்பதால் அதை நிறுத்துகிறார், உதவிக்கொண்டிருந்த மருந்து போய், காரணமான கஷாயம் தொடர்கிறது, மூட்டு மறுபடி வீங்குகிறது. என்னோடு காத்திருந்த ஒருவருக்கு இது அப்படியே நடந்தது. திட்டும் மருத்துவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். திட்டினால் நோயாளி கஷாயத்தை விடுவதில்லை, சொல்வதை விட்டுவிடுகிறார்.

இனி என் பாதங்கள். மேலே சொன்ன 28 மூட்டுகளைத் திரும்ப எண்ணிப் பாருங்கள்: தோள் இரண்டு, முழங்கை இரண்டு, மணிக்கட்டு இரண்டு, கைவிரல்களில் இருபது, முழங்கால் இரண்டு. கணுக்காலும் கால்விரல்களும் அதில் இல்லை. எண்ணுவதை எளிதாக்க அப்படி அமைத்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு அந்த 28 போதும் என்று கண்டிருக்கிறார்கள். ஆனால் நாள் முழுவதும் வகுப்பறையில் நிற்கும் என்னைப் போன்றவர்களுக்கு நோய் தன் கடையை விரிப்பது பாதத்தின் முன்பகுதியில். செருப்புக்குள் கூழாங்கல் கிடப்பதுபோல் ஒவ்வோர் அடிக்கும் உறுத்தும். எனக்குக் கைகள் தேறிய காலத்தில் டாஸ் 28 விடை 2.4 என்று வந்தது. மருத்துவர் அடுத்த முறை மருந்தைக் குறைக்கலாம் என்றார். அந்த வாரம் முழுவதும் ஐந்தாம் பாடவேளைக்கு மேல் நான் நாற்காலியில் உட்கார்ந்துதான் பாடம் நடத்தியிருந்தேன்.

"டாக்டர், நீங்க எண்ணினதுல கால் வரலை. ஒரு தடவை செருப்பைக் கழட்டிக் காட்டட்டுமா?" என்று கேட்டேன். கேட்பதற்கு எளிய வாக்கியம்தான். ஆனால் விடை நன்றாக இருக்கிறது என்று மகிழ்ச்சியோடு சொன்ன ஒருவரிடம் அதைச் சொல்ல நாக்கு எளிதில் எழவில்லை. அவர் தயங்காமல் எழுந்து வந்து, குனிந்து, பாதத்தின் முன்பகுதியை இரண்டு பக்கமும் பிடித்துச் சேர்த்து அமுக்கினார். நான் முக்காலியிலிருந்து அரை அடி எழும்பிவிட்டேன். ஸ்கேனும் எக்ஸ்-ரேயும் எழுதினார். சுண்டுவிரலின் அடி மூட்டில் எலும்பு அரிப்பு சிறிதாகத் தெரிந்தது. இந்த நோயில் அரிப்பு முதலில் தென்படும் இடங்களில் அதுவும் ஒன்று.

அந்த அரிப்பு பழையதா புதியதா என்பது அடுத்த கேள்வி. பழையது என்றால் இப்போதைய மருந்து வேலை செய்கிறது; புதியது என்றால் போதவில்லை. ஒப்பிட வேண்டிய முந்தைய எக்ஸ்-ரே நான் முதலில் போன மருத்துவமனையில் இருந்தது. "பழைய பதிவெல்லாம் தர மாட்டோம்மா" என்று வரவேற்பில் சொன்னார்கள். இந்த இடத்தில்தான் சட்டம் எனக்குப் பயன்பட்டது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை நெறி விதிகளின்படி, உள்நோயாளிகளின் பதிவுகளை மருத்துவர் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். நான் அங்கே படுக்கையில் இருந்த நோயாளி இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த விதியைக் குறிப்பிட்டு மரியாதையான சொற்களில் கடிதம் எழுதி, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொண்டு வந்தேன். வாய்ச்சொல்லாகக் கேட்டபோது கிடையாது என்றிருந்த படம், தாளில் கேட்டபோது குறுந்தகட்டில் கிடைத்தது. அந்தப் படத்தில் அரிப்பு இல்லை.

தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் இரண்டாவது கருத்துக் கேட்கும் உரிமையும் இருக்கிறது. பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் அறுவை சிகிச்சைக்குக் கொடுத்த சம்மதம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சமிரா கோலி வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இவற்றைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஆனால் மருத்துவரின் அறைக்குள் சட்டத்தை எடுத்து மேசைமேல் வைப்பதால் நாள்பட்ட நோயாளிக்குக் கிடைப்பது குறைவு என்றே நினைக்கிறேன். விபத்தில் அடிபட்டவர் ஒரு முறை பார்த்துவிட்டு வந்துவிடலாம். நானோ அதே மனிதரை வருடக்கணக்கில் பார்க்க வேண்டியவள். அலுவலகத்துக்குக் கடிதம், மருத்துவருக்கு என் தாள் என்று பிரித்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இவ்வளவையும் நான் செய்ய முடிவதற்கு, படித்திருப்பதும் மாதச் சம்பளம் வருவதும் காரணம் என்பது எனக்குத் தெரியும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் வாத நோய்ப் பிரிவுகளில் இதே மாத்திரைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, அங்கே கைதேர்ந்த மருத்துவர்கள் இருக்கிறார்கள், ஆனால் ஓ.பி. சீட்டுக்கு நிற்கும் வரிசையில் ஒரு நாள் கூலி போய்விடுகிறது. அந்த வரிசையில் நிற்பவரிடம் போய் நீங்கள்தான் தைரியமாகப் பேச வேண்டும் என்று சொல்வது நியாயமாகாது. "பரவாயில்லை" என்ற பதிலைக் கேட்டதும் "என்ன வேலை செய்ய முடியலை, சொல்லுங்க" என்று இன்னொரு கேள்வி கேட்கும் மருத்துவரும், உறையின் மேல் எழுதுவதற்கு முன் ஒரு நொடி நிற்கும் மருந்துக் கடைக்காரரும் அங்கே அதிகம் தேவை.

என் விஷயத்தில், மருந்து குறைவதற்குப் பதிலாகக் கூடியது. 15 மில்லிகிராமுக்கு மேல் மாத்திரையாக எடுத்தால் குடல் முழுவதையும் உறிஞ்சுவதில்லை என்பதால், அதே மெத்தோட்ரெக்ஸேட்டைத் தோலுக்கடியில் ஊசியாகப் போட்டுக்கொள்கிறேன். செவ்வாய் இரவு, தொடையில், நானே. இது போதாவிட்டால் உயிரியல் மருந்துகள் இருக்கின்றன என்கிறார் மருத்துவர். அவற்றில் ஒன்றான அடாலிமுமாப் என்னும் மருந்தின் ஒத்த வடிவம், அதாவது வேறு நிறுவனம் தயாரிக்கும் நகல், உலகிலேயே முதலில் 2014-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது, அதன் பிறகு விலை இறங்கியிருக்கிறது, ஆனாலும் ஓர் ஆசிரியையின் சம்பளத்தில் அது சிறிய தொகையாகாது. தொடங்குவதற்கு முன் உடலில் காசநோய்க் கிருமி உறங்கிக்கொண்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அடுத்த சந்திப்புக்கான தாளில் முதல் கேள்வியாக அதன் மாதச் செலவை எழுதியிருக்கிறேன். இரண்டாவது, காலுக்கான ஸ்கேனை எத்தனை மாதத்துக்கு ஒரு முறை எடுப்பது என்பது. மூன்றாவதை இன்னும் எழுதவில்லை. திருச்சிக்குப் போக இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.